அட்ராக்டாவின் புல்வெளியில் நாய்க்குடை வளையம்

கில்மார்ட்டின் வீட்டு மருமகளாக வந்த நாள்முதல் அட்ராக்டாவுக்கு அந்த மலைச்சரிவில் வேண்டியவர்கள் என்று யாரும் இல்லை. வாய் அப்படி. ஸ்லைகோ சந்தையில் முட்டை விற்கும்போதுகூட, பேரம் பேசுபவரை முறைத்தே விரட்டிவிடுவாள். கணவன் டொமினிக் செத்ததும் கொழுந்தன் மாலக்கி கீழ்ப்புல்வெளியைத் தனக்குக் கொடுக்கச் சொன்னான். முடியாது என்றாள். அதே வாரம் இருவர் நிலத்துக்கும் நடுவே கம்பிவேலி போட்டான்.

அந்தக் கோடையில் புல் அறுப்புக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. விட்டபோது அவள் புல்வெளியில் நாய்க்குடைக் காளான்கள் மறுபடியும் வளையமாக முளைத்திருந்தன. வளையம் என்றால் மண்ணுக்கடியில் இருக்கும் குட்டி மனிதர்கள் ராத்திரி ஆடிய இடம். அவர்கள் பெயரை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ‘நல்லவங்க’ என்பார்கள். வளையத்துக்குள் இரும்பு படக்கூடாது.

அறுப்பு ஊர்கூடி, முறைவைத்து ஒவ்வொருவர் நிலமாகச் செய்வது. தன் முறை வந்த காலையில் அட்ராக்டா ரொட்டி சுட்டு, தேநீர் போட்டுக் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. அறுப்பாட்களுக்குத் தலைவனான பார்ட்லி வீட்டு முற்றத்துக்கே போய் நின்றாள்.

“என்ன பார்ட்லி, கால்ல சுளுக்கா?”

அவன் அரிவாள் தீட்டுவதை நிறுத்தவில்லை. “உன் நிலத்துக்கு வரமாட்டோம்.”

“வளையத்த விட்டுட்டு மீதிய அறுங்க. எப்பவும் அப்படித்தான?”

“போன வருஷம் அந்த நாய்க்குடையப் பிடுங்கி வெண்ணெயில வறுத்துத் தின்னியாம். மாலக்கி சொன்னான். நல்லவங்க கோவமா இருக்காங்க.”

“தின்னேன். ருசியாத்தான் இருந்துச்சு. உனக்குத் தரலன்னு கோவமா?”

“இந்த வாய்க்குத்தான் ஒருத்தனும் வரல. போ.”

காய்ந்த புல் இல்லையென்றால் பனிக்காலத்துக்கு முன்னால் இரண்டு பசுக்களையும் விற்க வேண்டும். பசு இல்லாதவளுக்குப் புல்வெளி எதற்கு? மாலக்கி எதிர்பார்த்ததும் அதுதான்.

திரும்பி வந்து வளையத்தைச் சுற்றி நடந்தாள். அது முழு வளையமாக இல்லை. நாய்க்குடைகளை ஒட்டிக் கரும்பச்சையாக வளர்ந்த புல்கோடு வேலிவரை போய் நின்றது. கம்பியைத் தூக்கி நுழைந்து பார்த்தாள். மாலக்கியின் புல்லிலும் அதே கரும்பச்சை வளைந்து ஓடியது; நாய்க்குடை மட்டும் ஒன்றுகூட இல்லை. புல்லை விலக்கினாள். தண்டுகள் மண்ணிலேயே நின்றன, கத்தியால் சீராக நறுக்கப்பட்டு. தலைகள் யார் கண்ணிலும் படாதபடி காஞ்சொறிப் புதருக்குள் குவியலாகக் கிடந்தன.

நேராகப் பார்ட்லியிடம் போனாள். “நான் கையால பிடுங்கினேன். மாலக்கி அதுல கத்தியே வெச்சிருக்கான். வந்து பாரு.”

வந்து பார்த்த பார்ட்லி தொப்பியைக் கழற்றினான். அப்படியே நாலடி பின்னால் நகர்ந்தான். “இரும்பு பட்டிருக்கு. அவங்க கோவம் இவன் மேலதான்,” என்றான் மெதுவாக.

மறுநாள் ஆட்கள் அட்ராக்டாவின் நிலத்தில் இறங்கினார்கள். வளையத்தைத் தொடாமல் மீதியை அறுத்தார்கள். அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அவள் தேநீரையும் தொடவில்லை.

மாலக்கியின் முறை வந்தது. ஒருவரும் போகவில்லை. மேற்கே மேகம் கறுத்தபோது அவன் வேலியோரம் வந்து நின்றான்.

“அட்ராக்டா, ரெண்டு பேருமா இறங்கினா மழைக்கு முன்னாடி பாதியாவது அறுத்துடலாம். டொமினிக் இருந்தா வந்திருப்பான்.”

“உன்கிட்டதான் கத்தி இருக்கே. அதால அறு,” என்று சொல்லிவிட்டு, தன் புல்லைக் குவிக்கப் போனாள்.