கசப்புப் பரீட்சை

எங்கள் பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவருக்குத் தாடி என்றுதான் பெயர். அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அவர் அடித்த கதவில் உங்கள் முகம் பளிச்சென்று தெரியும். அவர் முகம்தான் யாருக்கும் தெரியாது. மூக்குக்குக் கீழே ஆரம்பித்து நெஞ்சு வரைக்கும் கருகருவென்று முடி.

அவர் மனைவிக்கு அதே பட்டறையில் ஸ்டோர் பொறுப்பு. எங்கள் எல்லோருக்கும் அக்கா. மாஸ்க் எடுத்துக் கொடுப்பதும் அவள்தான், தப்பான மாஸ்க்கோடு நிற்கிறவனை வாங்கு வாங்கென்று வாங்குவதும் அவள்தான். நான் பெயிண்டுக்கு முன்னால் நசுங்கிய இடத்தில் பூசும் பட்டியைத் தேய்க்கிறவன். ஒருநாள் துணி மாஸ்க்கோடு தேய்க்கப் போய் வசமாக மாட்டிக்கொண்டேன். நான் இருமினால் அடுத்தவன் மேல் தெறிக்காமல் இருக்க அது போதுமாம். பட்டித் தூசி ஓரமாகச் சுற்றி உள்ளே போய்விடுமாம். தூசிக்குக் கிண்ணம் மாதிரி கெட்டியாக ஒன்று கொடுத்தாள். அதையே போட்டுக்கொண்டு பெயிண்ட் அறையை எட்டிப் பார்த்தேன், அதற்கும் திட்டு. கிண்ணம் தூசியைத்தான் பிடிக்கும், வாடையை விட்டுவிடும். வாடைக்கு ரப்பர் மாஸ்க், இரண்டு பக்கமும் கரி அடைத்த டப்பாவோடு. ரப்பர் தோலில் ஒட்டி உட்கார்ந்தால்தான் அதுவும் வேலை செய்யும். நடுவில் முடி இருந்தால் அந்தச் சந்து வழியாகப் பெயிண்ட் உள்ளே போகும்.

தாடிக்கு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. மனுஷன் இருமாத நாளே இல்லை. தாடிக்காரர்களுக்கென்று குழாய் வழியாகக் காற்று வரும் முக்காடு ஒன்று உண்டு. முதலாளியிடம் கேட்டால் அடுத்த வருஷம் என்பார். அவருக்கு எல்லாமே அடுத்த வருஷம்தான். கடைசியில் அக்கா அவரோடு மல்லுக்கு நின்று ஒரு சட்டம் கொண்டுவந்தாள்: மாஸ்க் பரீட்சையில் தேறாதவர் பெயிண்ட் அறைக்குள் போகக் கூடாது, கார் கழுவப் போக வேண்டும். தன் புருஷனை மனதில் வைத்துத்தான் செய்தாள்.

ஒரு சவரத்தில் முடிகிற விஷயம் என்று நான் தாடியிடம் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னிடம் மட்டும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அவரை மோவாய் இல்லாதவன் என்றுதான் கூப்பிடுவார்களாம். தாடி முளைத்த அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாராம். கல்யாணத்துக்கும் தாடியோடுதான் போய் உட்கார்ந்திருக்கிறார்.

"அவ இன்னும் பார்த்ததில்லைடா. பார்த்துட்டுச் சிரிச்சுட்டான்னா, அப்புறம் எப்படி வீட்டுல சாப்பிட உட்கார்றது?"

பரீட்சை பெரிய வித்தை இல்லை. தலைக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் முக்காடு. அதிலிருக்கும் ஓட்டை வழியாக அக்கா கசப்புத் தண்ணீரைப் பீய்ச்சுவாள். முதலில் மாஸ்க் இல்லாமல், நாக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க. பிறகு மாஸ்க்கோடு. அப்போதும் கசந்தால் எங்கோ சந்து இருக்கிறது, ஆள் ஃபெயில்.

தாடி முக்காட்டுக்குள் கம்பீரமாக உட்கார்ந்தார். அக்கா முதல் தடவை பீய்ச்சியதுமே முகத்தைச் சுளித்து, ஐயோ கசக்கிறது, மாஸ்க்கைக் கொடு என்றார். அக்கா பாட்டிலைத் திருப்பித் தன் வாய்க்குள்ளேயே பீய்ச்சிக்கொண்டாள். வெறும் தண்ணீர். முக்காடு மாட்டக் குனிந்தபோதே அவளுக்குக் கிராம்பு எண்ணெய் வாசனை அடித்திருக்கிறது, சத்தமில்லாமல் பாட்டிலை மாற்றிவிட்டாள். பல்வலி இல்லாத ஆள் எதற்கு அதைத் தடவுகிறார்? நாக்கு மரத்துப்போனால் மாஸ்க்குக்குள் எதுவும் கசக்காது என்று ஐயா கணக்குப் போட்டிருக்கிறார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அக்கா சிரிக்கவில்லை. "தாடி இல்லாத புருஷனோட நான் காலம் தள்ளிடுவேன். புருஷன் இல்லாம தாடியை மட்டும் வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?" என்றாள்.

அவர் முக்காட்டைக் கழற்றி வைத்தார். பாதி நாளிலேயே கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் ஸ்டோரைத் திறக்க அக்கா முன்னாலேயே வந்துவிட்டாள். இவர் வழியில் சலூனுக்குப் போய்விட்டு, ரப்பர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டே பஸ் ஏறியிருக்கிறார். பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லையாம். பட்டறைக்கு வந்தும் கழற்றவில்லை. நேரே போய் முக்காட்டுக்குள் உட்கார்ந்தார். அக்கா பீய்ச்சினாள். தலையை மேலும் கீழும் ஆட்டச் சொன்னாள், பேசச் சொன்னாள். கசக்கவே இல்லை. நாங்கள் கை தட்டினோம்.

"இப்ப மாஸ்க்கைக் கழட்டுங்க. இன்னைக்காவது நாக்கு உசிரோட இருக்கான்னு பார்க்கணும்," என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் கழற்றினார்.

அக்கா பாட்டிலை அமுக்க மறந்து நின்றாள். சிரித்துவிடாதே அக்கா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"நம்ம பாப்பாவோட மோவாயை நான் பிடிச்சுக் கொஞ்சும்போதெல்லாம், இந்த அழகு யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு கேட்பேனே," என்றாள் மெதுவாக. "பக்கத்துலயேதானே உட்கார்ந்திருந்தீங்க. ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அவர் மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலை ஞாபகம் வந்தவளாக ஓட்டையில் பாட்டிலை வைத்துப் பீய்ச்சினாள். கசக்கிறதா என்று கேட்டாள்.

கசக்கிறது என்றார், வாயெல்லாம் பல்லாக.