சும்மா இருந்த கம்ப்யூட்டர்

பச்சைமுத்து அண்ணனைச் சோம்பேறி என்று எழுதியவர்களில் ஒருவர்கூட அவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் பார்த்தவள். தொம்மலூரில் பொம்மைப்படம் செய்யும் ஒரு ஆபீஸில் அப்போது ரிசப்ஷனில் இருந்தேன். இடம் பற்றாத ஆபீஸ் என்பதால் அவர் மேசை என் மேசைக்கு எதிரிலேயே கிடந்தது.

பக்கத்தில் இருக்கும் ஜோகுபாளையத்துக்காரர். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். ஒவ்வொரு காட்சியிலும் யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்று கட்டம் கட்டமாகப் பென்சிலால் வரைந்து கொடுப்பது அவர் வேலை. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கம்ப்யூட்டரில் பொம்மைகளை நடக்க வைப்பார்கள். எல்லோருக்கும் ஒன்று என்ற கணக்கில் அவர் மேசையிலும் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். காலையில் மெயில் பார்ப்பார், வரைந்ததை ஸ்கேன் செய்வார், அதோடு சரி. அப்புறம் குனிந்த தலை நிமிராது. டீ ஆடை கட்டிப்போய்க் கிடக்கும், நான்தான் திட்டிக் குடிக்க வைப்பேன்.

அது 2001. ஊரெல்லாம் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். எங்கள் மேனேஜர் சந்திரசேகரன் எல்லோரையும் கூப்பிட்டு, வெளிநாட்டு டி.வி.க்கு நாங்கள் செய்துகொண்டிருந்த நீர்நாய் படத்தைக் கெடுவுக்குள் முடித்தால்தான் அடுத்த வேலை வரும், இல்லையென்றால் சிலர் போக வேண்டியிருக்கும் என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பச்சைமுத்து அண்ணன் தரையைப் பார்த்தார். சின்ன வயதுக்காரர்களுக்கு வேறு இடம் கிடைத்துவிடும். அவரை இனி யார் எடுப்பார்கள்? மகள் ரக்ஷிதா பிளஸ் டூ மாதிரியான பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வந்தது அவர் சம்பளம் ஒன்றுதான்.

படத்தைத் தாமதப்படுத்தியது அந்த நீர்நாயின் ரோமம். நனைந்த ரோமத்தின் மேல் வெளிச்சம் எப்படி விழும் என்று கணக்குப் போட்டு ஒரே ஒரு பிரேமை முடிக்கக் கம்ப்யூட்டருக்கு அரை மணி நேரம் பிடிக்கும். ஒரு நொடிப் படத்துக்கு இருபத்தைந்து பிரேம் வேண்டும். இந்த வேலைக்கு ரெண்டர் என்று பெயர். அதற்கென்று இருந்த இரண்டு மிஷின்களும் திணறின.

கம்ப்யூட்டர்களைப் பராமரித்த தமயந்தி ஒரு வழி சொன்னாள். எல்லா மேசையிலும் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒரே நெட்வொர்க்கில்தானே இருக்கின்றன. யாராவது எழுந்து போனால், கொஞ்ச நேரத்தில் அவர் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு பிரேமை வாங்கி ரெண்டர் செய்யட்டும், ஆள் வந்து மவுஸைத் தொட்டதும் விட்டுவிடட்டும் என்றாள். ராத்திரியில் ஓட்டலாமே என்று, பொம்மைகளை நடக்க வைக்கும் பையன்களில் ஒருவனான ரகு கேட்டான். கட்டடக்காரர் எட்டு மணிக்கு மேல் ஜெனரேட்டர் போட மாட்டார், கரண்ட்டை நம்ப முடியாது. அதனால் பகலிலேயே ஓட்டுவது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு மேசையாகப் போய் அதற்கான சாப்ட்வேரைப் போட்டாள்.

தன் மேசைக்கு அவள் வந்தபோது அண்ணன் கேட்டார்.

"ஏம்மா, பாதியில தொட்டா இன்னா ஆவும்?"

"அந்த பிரேம் போச்சுண்ணா. வேற மிஷின் முதல்லேர்ந்து செய்யணும்."

"தொடாமயே இருந்தா?"

"இருந்தா ரொம்ப நல்லது. ஆனா உங்க வேலை?"

"எனுக்குப் பென்சில் போதும்மா. ஸ்கேனுக்கு ரகு மிஷின்ல சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

அன்றிலிருந்து அவர் தன் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. கீபோர்டை எடுத்து மானிட்டர் மேல் வைத்துவிட்டார். மேசை துடைக்க வரும் சின்னத்தாயியை, "இந்தப் பக்கம் வேணாம், மவுஸ் அசைஞ்சிரும்" என்று தடுத்துவிடுவார். மெயில் பார்க்க என் மேசைக்கு வந்து, நான் போனை வைக்கும்வரை நிற்பார். எந்த மிஷின் அதிகம் ரெண்டர் செய்தது என்று தமயந்தி சாயங்காலம் சொல்வாள். எப்போதும் அவருடையதுதான் முதலில் வரும். "மிஷினுக்குத் தனியா சம்பளம் வாங்குங்கண்ணா" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை வரும். படம் முடிந்தால் தன் வேலை தப்பும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

படம் கெடுவுக்கு முன்பே முடிந்தது. எல்லோருக்கும் கேசரிபாத் கொடுத்தார்கள். பிறகு சந்திரசேகரன் தமயந்தியிடம், எந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு நேரம் ஆள் கை படாமல் 'ஐடில்' ஆக இருந்தது என்று கணக்குக் கேட்டார். எதற்கு மெமரி கூட்டலாம் என்று பார்க்கத்தான் என்றார். அவளும் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு ஐடில் என்றால் அந்தக் கம்ப்யூட்டர் ரெண்டருக்குத் தயார் என்று அர்த்தம். அவருக்கு அதன் முன்னால் இருந்த ஆள் சும்மா இருந்தான் என்று அர்த்தம்.

அடுத்த வேலை வந்தது, ஆனால் நினைத்ததில் பாதிதான். மும்பையிலிருந்த தலைமை ஆபீஸ் ஆட்குறைப்புக்குப் பெயர் கேட்டது. ஐடில் கணக்கில் முதலில் இருந்த பெயரை அந்த மகாராசன் அனுப்பினார். வேலை நேரத்தின் பெரும்பகுதியைச் சும்மா கழித்தார் என்று ஆங்கிலத்தில் கடிதம் அடித்துப் பச்சைமுத்து அண்ணன் கையில் கொடுத்தார்கள்.

தமயந்தி அழுதுகொண்டே மேனேஜர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் விளக்கினாள். கதவு திறந்தே இருந்தது.

"புரியுதும்மா. பேர் போயாச்சு. மாத்தணும்னா வேற ஒரு பேர் குடுக்கணும். உன் பேரைக் குடுக்கட்டுமா?" என்றார் சந்திரசேகரன்.

அவள் வெளியே வந்தாள். அண்ணன் பென்சில்களை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். "வுடும்மா, நீ இரு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்த மேனேஜரை அறையலாம் போல இருந்தது.

சில வாரம் கழித்து அவர் மனைவி சாந்தகுமாரி அக்கா ரிசப்ஷனுக்கு வந்தார்.

"ஆபீஸ்ல இவரு தூங்கினு இருந்தாராம்மா? லெட்டரைப் பொண்ணு படிச்சுட்டா. கேட்டா இவரு வாயத் தொறக்க மாட்றாரு. அன்னிலேர்ந்து அவ அப்பாகிட்ட பேசறதில்ல."

நடந்ததைச் சொன்னேன். பாதிதான் புரிந்திருக்கும். "இத வூட்டுக்கு வந்து அவகிட்ட சொல்றியாம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணன் சுவரோரம் உட்கார்ந்திருந்தார், ஆள் இளைத்திருந்தார். வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம் அந்தக் கடிதத்தைத்தான் கேட்கிறார்கள் என்றார் அக்கா. ரக்ஷிதாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பப்போ தொட்டிருக்கலாமேப்பா."

"தொட்டா படம் முடியாதேம்மா."

"முடிஞ்சுதே. நமக்கு இன்னாப்பா ஆச்சு?"

அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அழுதாள்.