அண்ணன் செய்த காசு மிஷின்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் ஊர்ப் பெரியோர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. இதுபோன்ற மலர்களில் மறைந்தவர் கோபமே அறியாதவர் என்று எழுதுவது வழக்கம். என் அண்ணன் நன்றாகவே கோபப்படுவார். நான் பொய் எழுதினால் படத்திலிருந்தே முறைப்பார். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது லைட்ஹவுஸ் குப்பத்தில். நைனாவுக்கு அவர் தலைச்சன், நான் கடைக்குட்டி. நைனா ஆசை ஆசையாகக் கடலுக்கு அழைத்துப் போன முதல் நாளே அண்ணன் வாந்தி எடுத்துப் படகில் சுருண்டு படுத்துவிட்டார். ஒரு வருடம் முட்டி மோதியும் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மீனவன் வீட்டில் இதைவிட வேறென்ன கேலி வேண்டும்? ஊரே சிரித்தது. அண்ணன் பொன்னேரியில் ஒரு பட்டறையில் சேர்ந்து எஞ்சின் வேலை கற்றுக்கொண்டு வந்தார். அதன்பின், சிரித்த வாய்களே எஞ்சின் மக்கர் செய்யும்போதெல்லாம் அவரைத் தேடி வந்தன. காட்டூரிலிருந்து அண்ணி வந்தார், பிள்ளைகள் இரண்டு பிறந்தன. என் வீட்டுக்காரர் தவறியபோது, மூலையில் உட்காராதே என்று மீன் கூடை வாங்கிக் கொடுத்து என்னை வியாபாரத்துக்கு அனுப்பியவரும் அண்ணன்தான்.

நான் எங்கள் மகளிர் குழுவுக்குத் தலைவி. ஒருமுறை குழுவின் சேமிப்புக் காசைப் பொன்னேரி வங்கிக்குக் கொண்டுபோனேன். ஐந்து ரூபாய்க் காசுகளில் ஒரு கைப்பிடியைக் கள்ளக் காசு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஊருக்கு வந்து குழுவில் எல்லாரிடமும் சொன்னேன். எங்கள் குழுவின் குப்பம்மா அக்கா நேருக்கு நேராகக் கேட்டார்.

“நாங்க குடுத்தது நல்ல காசு. பேங்குக்குப் போறதுக்குள்ள எப்டி மாறுச்சு தலைவி?”

அன்றே குழுவின் சேமிப்புப் பெட்டிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். புருஷன் இல்லாதவளுக்கு ஊரில் இருப்பது பெயர் ஒன்றுதான். அதுவும் போனால் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு நடப்பது? அண்ணன் வீட்டில் போய் அழுதேன். அவர் பழைய படகு எஞ்சின்களிலிருந்து காந்தங்களைக் கழற்றத் தொடங்கினார்.

இரண்டு மாதம் அதே வேலை. எஞ்சின்கள் வரிசையில் கிடக்க, இந்த மனுஷன் காசைச் சறுக்கு விட்டு விளையாடுகிறாரே என்று அண்ணி புலம்பித் தீர்த்தார். சாய்த்து வைத்த ஜன்னல் கண்ணாடி, அதன் அடியில் காந்தங்கள், கீழே இரண்டு டப்பா, மிஷின் அவ்வளவுதான். மேலிருந்து காசை விட்டால், மஞ்சள் பூசிய இரும்புக் காசு கண்ணாடியிலேயே நின்றுவிடும். ஈயக் காசு விறுவிறுவென்று ஓடித் தூரத்து டப்பாவில் குதிக்கும். அசல் பித்தளைக் காசு மட்டும் காந்தத்துக்கு மேல் வரும்போது கொஞ்சம் தயங்கி, கிட்டத்து டப்பாவில் விழும்.

மீன் ஏலக் கொட்டகையில் அண்ணன் குழுவைக் கூட்டினார். மளிகைக் கடையில் வாங்கிய காசுகளை விட்டார். அழகாகப் பிரிந்தன. தலைவி பையில் இருப்பதையும் விட்டுப் பார்க்கலாமே என்றார் குப்பம்மா அக்கா. என் சுருக்குப்பையை நானே அவிழ்த்துக் கொடுத்தேன்.

முதல் காசு கண்ணாடியில் நின்றது. இரண்டாவதும் நின்றது. பத்துக் காசு விட்டோம், பத்தும் இரும்பு மாதிரி அப்படியே நின்றன. யாராவது சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை. “ஊரு சொன்னது பத்தலைன்னு நீயும் சொல்லிட்டியாண்ணா” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். நான்கு நாள் கூடையைத் தொடவில்லை, அண்ணனிடம் பேசவும் இல்லை.

ஐந்தாம் நாள் அவரே வந்தார். என் பையை வாங்கி முகர்ந்து பார்த்தார். காசை நகத்தால் சுரண்டினார். செதிலும் வழவழப்பும் பசை போலப் பிசுபிசுத்தன. காசைக் கண்ணாடியில் ஒட்டி நிற்கவைத்தது அதுதான். மீனை அள்ளிப் போடும் கையால்தானே காசையும் வாங்குகிறேன்? தலையில் அடித்துக்கொண்டார்.

“மீன்காரி காசுல மீன் இருக்கும்னு மீன்காரன் மவனுக்குத் தோணலையே பாப்பா.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காசுகளைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, அண்ணி காயவைத்திருந்த நெத்திலிக்குப் பக்கத்திலேயே வலையில் பரப்பினோம். காக்கையை விரட்டும் வேலை எனக்கு.

மறுவாரம் மறுபடியும் கொட்டகை. என் காசுகள் தயங்கித் தயங்கிக் கிட்டத்து டப்பாவில் விழுந்தன. இரண்டு மட்டும் கள்ளம். அடுத்து எல்லார் பையில் இருந்த காசையும் கழுவி விட்டோம். ஒருவருக்கு ஒன்று, ஒருவருக்கு இரண்டு என்று கள்ளக் காசு இல்லாத பையே இல்லை. குப்பம்மா அக்கா பையில் மூன்று. சந்தையில் கைமாறி வந்ததை யாரும் அறியாமல் நாங்களேதான் பெட்டியில் போட்டிருக்கிறோம். அக்கா சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மிஷின் இன்றும் ஏலக் கொட்டகையில்தான் இருக்கிறது. ஐ.டி.ஐ. படிக்கும் அண்ணன் மகள் பத்து ரூபாய்க் காசுக்கென்று இன்னொன்று செய்துகொண்டிருக்கிறாள். அப்பாவைப் போலவே அதைத் திட்டிக்கொண்டே செய்கிறாள்.

சிறுநீரகம் பழுதாகி அண்ணன் படுக்கையில் இருந்த கடைசி நாட்களில், மனதிலேயே கிடந்த ஒன்றைக் கேட்டேன். அன்று பத்துக் காசும் நின்றபோது ஒரு நிமிஷமாவது என்னைச் சந்தேகப்பட்டாயா என்று. சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

“மிசினு நான் செஞ்சது. நீ அம்மா வளர்த்தது. எது தப்பாப் போவும்னு எனக்குத் தெரியாதா?”

கூப்பிட்டபோதெல்லாம் மருத்துவமனைக்கு வண்டி எடுத்த ஆட்டோ தம்பிக்கும், ரத்தம் கொடுத்த குப்பத்துப் பிள்ளைகளுக்கும், இறுதிக் காரியம் முடியும்வரை படகு இறக்காமல் உடன் நின்ற ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. குப்பம்மா அக்காவுக்கும் என் நன்றி. அன்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், என் அண்ணனின் இந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்காது.