வலைப்பந்துக்குப் போன லோரி

1984 ஆகஸ்டு 19, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5 மணி 40 நிமிடம். ஜெராமில் மழை தூறிக்கொண்டிருந்தது. தேநீர்க் கடை முன்னால் நின்ற எங்கள் லோரியில், தார்ப்பாய்க்குக் கீழே தெரிந்த நீலச் சட்டைகளை எண்ணினேன். ஏழு. காலையில் தோட்டத்திலிருந்து புறப்படும்போது எட்டு. மறுபடி எண்ணினேன். ஏழுதான்.

சென்ற ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த என் தங்கையைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அந்த மாலைதான் முதலில் வந்து நிற்கிறது.

தங்கை 1946-இல் எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், பிறந்தார். ஐவரில் கடைசி. எனக்குப் பதினாறு வயது இளையவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபதில் திருமணம். முப்பத்தொன்றில் கணவரை இழந்தார். பிறகு ஆயாக் கொட்டகையில் பால்வெட்டுக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். பிள்ளை இல்லை. யாரிடமும் கை நீட்டியதில்லை.

தோட்டத்துப் பெண்கள் மருத்துவமனையில் பெயரைக் கேட்டால்கூடத் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைப் பார்த்து அவருக்குக் கோபம் வரும். வலைப்பந்து ஆட்டத்தில் பந்து வேண்டுமென்றால் கத்திக் கேட்க வேண்டும். அதற்காகவே ஏழு பெண்களைச் சேர்த்தார். எனக்கு நம்பிக்கை இல்லை. வேலி ஓரம் நின்று பார்க்கும் இளைஞர்களை எண்ணினேன். ஒரு நாள் ஒன்பது, மறுநாள் பதின்மூன்று. ஆட்டத்தைப் பார்க்கவா வந்தார்கள்?

கோலசிலாங்கூரில் போட்டி என்றதும், கிராணி கூடப் போனால்தான் பெண்களை அனுப்புவோம் என்றார்கள் பெற்றோர். ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதும் தோட்டத்துக் கிராணி நான்தான். சம்மதித்தேன். திரும்பி லயத்துக்குள் வரும்போது தங்கை சேலையில்தான் வர வேண்டும் என்று நானும் ஒரு நிபந்தனை போட்டேன்.

வயதுப் பெண்களின் முகத்தை உற்றுப் பார்ப்பது முறையல்ல என்பதால் நான் சட்டைகளைத்தான் எண்ணினேன். திரும்பும் வழியில் ஜெராமில் ஒன்று குறைந்ததும், திடலில் ஓர் இளைஞன் எங்கள் பெண் ஒருத்தியிடம் தண்ணீர்ப் புட்டி கொடுத்தது நினைவுக்கு வந்தது. தங்கை லோரியில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் உடந்தையோ என்ற சந்தேகத்தில் அவரிடம் கேட்கவில்லை. கடைத் தொலைபேசியில் தோட்டத்து ஆபீஸ் காவலாளியை அழைத்து, "ஒரு பெண் குறைகிறது. யாரிடமும் சொல்லாதே" என்றேன்.

லோரி வந்து சேர்ந்தபோது வாசலில் ஏறக்குறைய அறுபது பேர் நின்றார்கள். ஒவ்வொருத்தியாக ஏழு பெண்களும் இறங்கினார்கள்.

"எட்டாவது யாருண்ணே?" என்றார் தங்கை. "ஆட்டக்காரிங்க ஏழு பேருதானே! காலையில நானும் நீலச் சட்டதான் போட்டிருந்தேன். வரும்போது சேலை கட்டிக்கிட்டு வான்னு சொன்னது யாரு?"

 வெளிக்காட்டு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முந்திக்கொண்டார்.

"கிராணி கணக்கு தப்புமா? முப்பது வருசமா ஒரு காசு தப்புனதில்ல. ஒருத்தி ஓடியிருக்கா, புடிச்சுக் கொண்டாந்துட்டாங்க."

"எவடி அது? எம்மவ இல்ல, சொல்லிட்டேன்!" என்று ஒரு தாய் கத்தினார். அடுத்த தாயும் அதையே கத்தினார்.

'என் கணக்குத்தான் தப்பு.' மூன்றே சொற்கள். நான் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து தோட்டத்துத் திடல் காலி. இறுதி ஆண்டான ஐந்தாம் படிவத்தில் இருந்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்தே நிறுத்திவிட்டார்கள். தங்கை ஏழு வீட்டுக்கும் போய் வந்தார். ஏழு வீட்டிலும் கதவு பாதிதான் திறந்தது. பத்தாம் நாள் என்னிடம் வந்தார்.

"நான் சொன்னா நம்ப மாட்டாங்கண்ணே. ஒங்க கணக்கத்தான் நம்புவாங்க. நீங்களே தப்புன்னு சொல்லுங்க. அந்தப் புள்ள பள்ளிக்கூடம் போகணும்."

மறுநாள் விடியற்காலை, தொழிலாளர் கூடும் பெரட்டில், ஆள் கணக்கு எடுத்து முடித்ததும், 143 பேர் முன்னால் சொன்னேன். சேலையையும் சேர்த்துச் சொன்னேன்.

"தங்கச்சிய எண்ண மறந்துட்டாரு! இன்னைக்கு எம்பேர எழுதினாரா பாருங்கய்யா!" என்றார் மண்டோர். எல்லாரும் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. அந்தப் பெண் திங்கட்கிழமை பள்ளிக்குப் போனாள்.

ஆனாலும் அடுத்த போட்டிக்குத் தாங்களும் வருவோம் என்றார்கள் பெற்றோர். பதினான்கு பேர். கூட ஒரு லோரி பிடிக்க வேண்டியிருந்தது; செலவை நான்தான் கொடுத்தேன். பெண்கள் 9-க்கு 14 என்று தோற்றார்கள். திரும்பும் வழியில், லோரி நின்ற இடத்திலெல்லாம் தாய்மார் என்னைப் பார்த்துக்கொண்டே உரக்க எண்ணினார்கள்.

அந்த எழுவரில் இருவர் ரவாங்கில் தொழிற்சாலையில் இருக்கிறார்கள். ஒருவர் தாதி. பந்துதான் காரணமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஆனால் மருத்துவமனையில் தங்கைக்காக டாக்டரிடம் மலாயில் விவரம் கேட்டவர்கள் இவர்கள்தான். ஆறு பேரை நானே பார்த்தேன். ஏழாமவரும் வந்ததாகச் சொல்கிறார்கள். நான் பார்க்காததால் ஆறு என்றே எழுதுகிறேன்.

தங்கைக்குச் சிறுநீரகக் கோளாறு. 26 நாள் படுக்கையில் இருந்தார். இரத்தம் கொடுத்த நால்வருக்கும், இரவு முறைவைத்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கும், இறுதி நாளில் பந்தல் போட்ட இளைஞர்களுக்கும், சமைத்துக் கொடுத்த லயத்துத் தாய்மாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. யார் பெயரையும் எழுதவில்லை. ஒன்று விட்டுப்போனாலும் தவறு.

படுக்கையில் இருந்தபோது தங்கை மூன்று முறை கேட்டார்: "அந்த ரெண்டு லோரிக்கும் எவ்வளவுண்ணே ஆச்சு?" சொன்னால் திருப்பிக் கொடுக்கப் பார்ப்பார் என்று நான் சொல்லவில்லை. இனிச் சொல்லலாம். லோரி இரண்டுக்கு 90 வெள்ளி. பெற்றோருக்குத் தேநீரும் ரொட்டியும் 8 வெள்ளி 40 சென். ஆக மொத்தம் 98 வெள்ளி 40 சென்.