முக்கால்வாசி கல்ஃபான்

மிர்ஃபா மீன் சந்தையில் கல்ஃபானுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: முக்கால்வாசி. எதையும் முக்கால்வாசி செய்துவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடுவார். காலில் சக்கரம் கட்டிய மனிதர். சாப்பிட உட்கார்ந்தால் கடைசிக் கவளம் தட்டிலேயே கிடக்கும். வீட்டுக்கு மாடி எழுப்பத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. சுவர் ஆளுயரம் வந்து, கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன.

மொரீப் மணல்மேட்டிலும் அதே கதைதான். ஏழு வருடமாக வண்டியில் மேடு ஏறும் போட்டிக்கு வருகிறார். ஏழு தடவையும் முக்கால் மேட்டில் வண்டி மூச்சுத் திணறி, பின்னாலேயே சறுக்கி இறங்கியது. காரணம் அவருக்கே தெரியும். டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும்போது காற்று கொதித்துவிடுகிறது. கொதித்த காற்றில் வலு கிடையாது. இன்டர்கூலரில் ஐஸ் தண்ணீர் ஓடினால்தான் அது குளிரும். ஐஸைப் பற்றி மீன்காரருக்கு யாராவது பாடம் எடுக்க வேண்டுமா என்ன? ஆனாலும் ஒரு வருடம் ஐஸைச் சீக்கிரமே கொட்டிக் கரையவிட்டார். இன்னொரு வருடம் மீன் பெட்டியிலிருந்து அப்படியே அள்ளிப்போட, செதில் ஒன்று பம்பில் சிக்கிக்கொண்டது.

இந்த வருடத்தை விட்டால் வேறு வருடம் இல்லை. முதுகில் இரண்டு வட்டு நழுவியிருக்கிறது. இனி மணலில் குதித்தால் நடக்கவே முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இதோட சரி. ஏறினாலும் ஏறாட்டியும் வண்டியை வித்துடணும்" என்று மனைவி மௌஸாவும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

வரிசையில் பன்னிரண்டு வண்டிகள். கல்ஃபானுடையது முதலாவது. கொடி பிடிக்கும் தல்மூக், மகன் பெயரால் அவரை அழைத்து, "பூ மர்வான், ரெடியா இருங்க" என்றதுதான் தாமதம், இரண்டு மூட்டை ஐஸையும் இன்டர்கூலர் தொட்டியில் கவிழ்த்தார். பின்னால் இருந்தவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? அவர்களும் ஆளாளுக்குக் கவிழ்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. எல்லா எஞ்சின்களும் அடங்கின.

"அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கல்ஃபான் வாய்க்குள் முனகி, உடனே பயந்து, பாவமன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

"நீங்கதான் வயசுல மூத்தவர். முன்னாடி நில்லுங்க" என்று தல்மூக் அவரைத் தொழவைக்கும் இமாமாகத் தள்ளிவிட்டான்.

மணலில் விரிப்புகள் போட்டார்கள். ஓட்டுநர்கள் பன்னிரண்டு பேர், தல்மூக், வரிசையின் கடைக்கோடியில் தண்ணீர் லாரி ஓட்டும் பலூச்சிக்காரர் பீர் பக்ஷ். கல்ஃபான் குர்ஆனில் இருப்பதிலேயே சின்ன சூராக்களாகப் பார்த்து ஓதினார். நாக்கு ஓதியது, காது தொட்டியில் ஐஸ் சரியும் சத்தத்துக்காக அலைந்தது. குனிந்தார், நிமிர்ந்தார், நெற்றியை வைத்தார், உட்கார்ந்தார், வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்பி ஸலாம் கொடுத்தார். முடிந்தது. எல்லோரும் பாய்ந்து எழுந்தார்கள்.

"சுப்ஹானல்லாஹ்!" என்றார் பீர் பக்ஷ் உரக்க, தொழவைப்பவர் தவறினால் நினைவூட்டுவதுபோல. அவர் மட்டும் இன்னும் உட்கார்ந்தே இருந்தார்.

"என்னப்பா?"

"ரெண்டுதான் ஆச்சு அர்பாப். மஃரிபுக்கு மூணு ரக்அத்து. ஒண்ணு பாக்கி."

கல்ஃபானுக்குக் காது மடல்கள் சூடேறின. பின்னால் நின்றவர்களைப் பார்த்தார்.

"பதிமூணு பேர் நின்னீங்களே, இவரைத் தவிர ஒருத்தனுக்குமா தெரியல?"

"எங்க மனசும் ஐஸ்லதான் இருந்துச்சு" என்றான் ஒருவன். "எனக்கு ஐஸும் இல்ல, வண்டியும் இல்ல. அதான் எண்ண முடிஞ்சுது" என்றார் பீர் பக்ஷ். சிரிப்பை அடக்கத்தான் எல்லோரும் பாடுபட்டார்கள்.

திரும்பி நின்று மூன்றாவதைத் தொழுதார்கள். மறதிக்காக நெற்றியை வைக்கும் இரண்டு ஸஜ்தாவும் செய்தார்கள். கல்ஃபான் இந்த முறை அவசரப்படவில்லை. நெற்றி பட்ட விரிப்பு சில்லென்றிருந்தது. தொழுகையையே முக்கால்வாசியில் விட்டேனே என்று அவருக்கு அழுகை முட்டியது.

தொட்டியைத் திறந்தார். வெறும் தண்ணீர். விரலை விட்டால் சில்லிப்புகூடக் குறைந்திருந்தது.

"போறீங்களா இல்லையா? விட்டுக்கொடுத்தா கடைசிக்குத்தான் போகணும். அதுவரைக்கும் நேரம் இருக்குமான்னு சொல்ல முடியாது" என்றான் தல்மூக்.

கல்ஃபான் சாவியைத் திருகப்போய் நிறுத்தினார். வாழ்க்கையில் எந்த வரிசையிலும் அவர் கடைசியில் நின்றதில்லை. "கடைசியாவே வரேன்" என்றார். தல்மூக் வாயைப் பிளந்தான்.

வண்டியை ஓரம்கட்டி, பானெட்டைத் திறந்து காற்றாடவிட்டார். அன்றைய விருந்துக்குக் கொண்டுவந்த மீன் பெட்டியின் அடியில் ஐஸ் இருந்தது. பீர் பக்ஷின் லாரிக் குழாயில் ஒவ்வொரு கட்டியாகக் கழுவினார். கால் தரையில் தாளம் போட்டது. இரண்டு முறை எழுந்து ஓடப் பார்த்தார்.

"உட்காருங்க அர்பாப்" என்று பீர் பக்ஷ் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இந்தக் கட்டியில பாருங்க, செதில்."

கரைந்த ஐஸோடு போன பதினோரு வண்டிகளில் ஒன்பது பாதியிலேயே சறுக்கின. கடைசியில் தல்மூக் அவரைக் கூப்பிட்டான். அப்போதுதான் தொட்டியை நிரப்பினார்.

முக்கால் மேடு வந்தது. கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. வண்டி திணறவில்லை. மணல் கண்ணாடியில் அடிக்க, முதுகு வலியில் தெறிக்க, ஏறிக்கொண்டே இருந்தது. திடீரென்று முன்னால் மணல் இல்லை, வானம் மட்டும்.

எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார். பிறகு மௌஸாவுக்குப் போன் போட்டார்.

"ஏறிட்டேன்!"

"உச்சி வரைக்குமா?"

"உச்சி வரைக்கும்."

மௌஸா கேட்டாள்: "அப்ப உங்களால முடியும். நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்லவா?"