திருடி வந்த நல்ல முடிவு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அங்கே வேலை. ரத்தக் குழாய்களை வாங்கி, சரிபார்த்து, இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். பெயர்ச்சீட்டு ஒட்டாத குழாய் வந்தால் அதைத் தொடவே மாட்டாள். "எனக்குத் தெரியும்க்கா, நான்தானே எடுத்தேன், மூணாவது பெட்டுக்காரரோடது" என்று நர்ஸ் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் பலிக்காது. "தெரியும்னா திரும்பப் போய் எடுத்துட்டு வா" என்பாள். குழாய் குப்பைக்குப் போகும். அங்கே பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் ஆகாது. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

கணவர் பேருந்து ஓட்டுநர். காலை ஐந்து மணிக்கு வண்டி எடுத்தால் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். மாடியில் அவருடைய தங்கை குடும்பம். ஒரே மகள் வெளியூரில் படிக்கப் போனபோது விட்டுவிட்டுப் போன வீடியோ கேம் பெட்டி டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடந்தது. துடைக்கப் போனவள், வேலை செய்கிறதா என்று பார்க்க அதைப் போட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

உள்ளே இருந்தது ஒரு கதை விளையாட்டு. தீவில் காணாமல்போன கலங்கரை விளக்கக் காவலரைத் தேடி ஒரு பெண் போகிறாள். அறைக்கு அறை புதிர். புதிரை அவிழ்த்தால் கதை நகரும். முடிவு ஒன்றே ஒன்று. கடைசிப் புதிரில் ஐந்து மணிகள். எந்த வரிசையில் அடிப்பது என்று எட்டு நாள் இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் குளித்துக்கொண்டிருந்தவர் தலையில் சோப்புநுரையோடு வெளியே ஓடி வந்தார். "சத்தத்தப் பாக்காதடி! கயிறு தேஞ்சிருக்கறதப் பாரு! எது அதிகமாத் தேஞ்சிருக்கோ அதுதான் முதல்ல!" என்றார். கதவு திறந்தது. அவள் கூடத்தில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் அதைச் சொன்னாள், அந்த மூணாவது பெட்டு நர்ஸிடம் கூட.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் கேஸ் தீர்ந்தது, மகளுக்குக் காய்ச்சல், குழாயில் தண்ணீர் வரவில்லை என்பவைதான். அந்த எட்டு நாளில்தான் இந்த மனிதரின் மூளை தன் மூளையோடு சேர்ந்து ஓடக்கூடியது என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு மூன்று மணி எப்போது ஆகும் என்று கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

இரண்டாம் பாகம் வந்தபோது முடிவு ஐந்து என்றார்கள். நாம் எடுக்கும் முடிவைப் பொறுத்துக் கதை கிளை கிளையாகப் பிரியுமாம். அவள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கிடைத்த துப்பையெல்லாம் தேதி போட்டு எழுதினாள். இரண்டு மாதம், முப்பத்தொரு மணி நேரம் ஆடினார்கள். காவலர் பிழைத்தார், தீவின் தபால்காரி பிழைத்தாள், எல்லோரும் பிழைத்தார்கள். ஐந்தில் மிக நல்ல முடிவு. கை தட்டிச் சிரித்தாள்.

மறுநாள் தேநீரை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார். "இருந்தாலும் அந்தத் தபால்காரி பாவம். தான் காவலரோட கூடப்பிறந்த அக்கான்னு கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாமலே போச்சு பாரு."

அவள் எழுந்து போனாள். நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு முறை பார்த்தாள். அக்கா என்று எங்கேயும் இல்லை. அவர்கள் ஆடிய முப்பத்தொரு மணி நேரத்தில் எவரும் அதைச் சொல்லவே இல்லை.

"தபால்காரி அக்கான்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"அது... கதைல வந்துச்சே."

"எந்த இடத்துல?"

"எங்கயோ வந்துச்சும்மா. எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்க முடியுமா?"

"நான் வச்சிருக்கேன். எழுதியே வச்சிருக்கேன். எங்க வந்துச்சு, சார்?"

அவள் சார் என்று கூப்பிட்டால் வீட்டில் இடி விழப்போகிறது என்று பொருள். அவர் தேநீரைக் கீழே வைத்தார். "யூடியூப்ல பாத்தேன்," என்றார். "ஒரு ஆளு நல்ல முடிவுக்கு எப்படிப் போறதுன்னு போட்டிருந்தாரு. அந்த வழிய மட்டும்தான் பாத்தேன். இந்த அக்கா விஷயம் அவர் பேச்சுவாக்குல சொன்னது."

"எப்பப் பாத்தீங்க?"

"முதல் வாரமே."

முதல் வாரமே! அப்படியானால் தபால்காரி குளிரில் நிற்கிறாள், தீப்பெட்டியைக் கொடுத்துவிடலாம் என்று அவர் மனம் இளகிச் சொன்னது பொய். கிணற்றுப் புதிரில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது நடிப்பு. "நீ சொல்லு, நீ சொல்லு" என்று தன்னைத் தூண்டிவிட்டு, தான் சொன்னதும் "அட, மூளைக்காரி!" என்று தொடையில் தட்டினாரே, அது சிறு குழந்தையைக் கண்ணைக் கட்டி விளையாட விட்டு அதன் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ப்பது போல.

"ரெண்டு மாசம்!" என்று கத்தினாள். "ரெண்டு மாசம் எதிர்ல உக்காந்து என்னக் கேனச்சி ஆக்கியிருக்கீங்க!"

"உனக்காகத்தாம்மா. முதல் பாகத்துல அந்த மீனவன் செத்ததுக்கு நீ மூணு நாள் சரியா சாப்பிடல. மறுபடி அப்படி ஆக வேணாம்னுதான்..."

"நான் எதுக்கு அழணும், எதுக்கு அழக்கூடாதுன்னு நீங்க யாரு முடிவு பண்ண? அழுதது நான். பட்டினி கெடந்தது நான். உங்களுக்கு எங்க வலிச்சுது?"

சத்தம் கேட்டு நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "என்ன அண்ணி, என்ன ஆச்சு?"

"உங்க அண்ணன் காப்பியடிச்சிட்டாரு."

"எந்தப் பரீட்சைல?"

"கேம்ல."

"கேம்லயா? அட போங்க அண்ணி. வேற எவளோன்னு நெனச்சு நெஞ்சப் பிடிச்சுட்டு ஓடி வந்தேன்."

"வேற எவளோவா இருந்தா அவளப் போய்க் கேட்டுட்டு வந்துடுவேன். இதுக்கு நான் யாரைப் போய்க் கேக்கறது?"

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் வந்த வழியே திரும்பி மாடிக்குப் போய்விட்டாள்.

கடைசியில் அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "மணிக் கயிறு? அதுவும் யூடியூபா?"

"இல்ல. சத்தியமா இல்ல. அது நானே கண்டுபிடிச்சது."

"நான் எப்படி நம்பறது?"

அவர் சாட்சிக்கு ஆள் தேடுவது போல மாடிப்படியைப் பார்த்தார். யார் வந்து சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

மறுநாள் உணவு இடைவேளையில், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த விளையாட்டின் இணையப் பக்கத்தில் கருத்து எழுதினாள். "முதல் பாகத்தைச் செய்தவர்களுக்கு ஆடுகிறவர்கள் மேல் மரியாதை இருந்தது. விடை அந்த அறைக்குள்ளேயே இருந்தது, தேடினால் கிடைத்தது. இரண்டாம் பாகத்தில், முதல் மணி நேரத்தில் முன்பின் தெரியாத ஒருத்திக்குத் தீப்பெட்டி கொடுத்தால்தான் முப்பது மணி நேரம் கழித்து ஒருவர் பிழைப்பார். கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு துப்பும் இல்லை. இது புதிர் அல்ல, குலுக்கல் சீட்டு. நான்கு கெட்ட முடிவைக் காட்டிப் பயமுறுத்தி, ஒரு நல்ல முடிவை ஒளித்துவைத்து, ஒழுங்கான மனிதர்களைத் திருடர்களாக்கியிருக்கிறீர்கள். ஐந்து முடிவு எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு முடிவை நேர்மையாக எழுதத் தெரியவில்லை."

சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் பதில் போட்டிருந்தார்கள். பெரும்பாலோர் ஆமாம் என்றார்கள். ஒருவன் மட்டும், "அக்கா, இதுக்கு ஏன் டென்ஷன்? வீடியோ பாத்து ஆடுங்க, எல்லாரும் அப்படித்தான்" என்று எழுதி ஒரு சிரிக்கும் முகம் போட்டிருந்தான். அதைப் படித்துவிட்டு அவள் போனை மேசையில் வைத்த வேகத்தில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் பத்து நாள் பேச்சு இல்லை. "சோறு இருக்கு" என்று ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வாள். அவர் ஃபிரிட்ஜிடம் "சரி" என்பார்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் பழைய ஆட்டத்தை, முப்பத்தொரு மணி நேரத்தையும், அழித்தாள். தனியாகப் புதிதாக ஆரம்பித்தாள். அவர் கதவோரம் வந்து நின்றார். தபால்காரி குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றாள். கொடு, கொடுக்காதே என்று இரண்டு வார்த்தைகள் திரையில் வந்தன. கொடுக்காதே என்பதை அழுத்தினாள்.

"ஏய், குடுக்கலன்னா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"குடுக்கலன்னா? சொல்லுங்க, சார். எல்லாந்தான் உங்களுக்குத் தெரியுமே. என்ன ஆகும்?"

அவர் யோசித்தார். "தெரியாது."

"என்ன தெரியாது?"

"நிஜமாத் தெரியாது. நான் பாத்த வீடியோல அந்த ஆளு குடுத்தாரு. குடுக்காமப் போனா எங்க போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் திரும்பி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு, "போனக் கொண்டுபோய் உங்க தங்கச்சிகிட்டக் குடுத்துட்டு வந்து உக்காருங்க," என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீடியோ போகாத பக்கமாகப் பார்த்தே போனாள். மூன்று வாரம். கோபம் தணியவில்லை. அவர் தப்பாகச் சொன்னால் திட்டினாள், சரியாகச் சொன்னால் சந்தேகப்பட்டாள். சரியாகச் சொன்னது குறைவுதான். விளக்கு அறையில் ஐந்து இழுப்பறைகள் வந்தன. ஒன்றைத்தான் திறக்கலாம். மூன்று நாள் அங்கேயே நின்றார்கள். அவர் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. வலது கை ஆள்காட்டி விரல் தொடைமேல் கட்டம் கட்டமாக எதையோ வரைந்து அழித்தது. அவள் திரையை விட்டுவிட்டு அந்த விரலைப் பார்த்தாள். ஐந்து மணிகளின் எட்டு நாளிலும் அது அப்படித்தான் ஓடியது. கிணற்றுப் புதிரில் நெற்றி மட்டும்தான் சுருங்கியது. விரல் அசையவே இல்லை. இப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. மணியைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை.

"மூணாவது," என்றார் அவர். ஏன் என்றும் சொன்னார். காரணம் நன்றாகத்தான் இருந்தது. அவளும் நோட்டோடு ஒத்துப் பார்த்து, சரி என்றாள்.

மூன்றாவது இழுப்பறையில் ஒன்றுமில்லை. விளக்கு எரியவில்லை. காவலரின் படகு பாறையில் மோதியது. மீதமிருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஐந்தில் ஆகக் கெட்ட முடிவு அதுதான்.

"அயோக்கியப் பசங்க!" என்று அவர் எழுந்து நின்று கத்தினார். "ஒரே ஒரு இழுப்பறைக்கு ஒரு ஊரையே கொல்லுவானா?"

"நான் சொன்னப்போ எதுக்கு டென்ஷன்னு கேட்டானுங்க!" என்று அவளும் கத்தினாள். "போய் நீங்களும் எழுதுங்க!"

அவர் உட்கார்ந்தார். திரையில் உடைந்து கிடந்த படகைக் காட்டி, "நான்தான் மூணுன்னு சொன்னேன்," என்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானும்தான் சரின்னு சொன்னேன். எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்காதீங்க."

"நாலாவதத் தொறந்திருந்தா?"

"தெரியாது. அதத் தெரிஞ்சுக்க முதல்ல இருந்து ஆடணும்."

"சரி, போடு."

"முதல்ல போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க," என்றாள். அவர் போனதும், புடவைத் தலைப்பால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.