தோளைப் பிடிக்கும் வேலை

போன செவ்வாய்க்கிழமை ஒரு மனிதரின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல் மரத்துப்போகும்படி பிடித்தேன். மரப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை — இதை அச்சுக் கோப்பவர் என் கையெழுத்தைப் பார்த்துத் திட்டியிருப்பார்.

கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனி ஒன்றில் நான் குமாஸ்தா என்பது உங்களுக்குத் தெரியும். அன்று பிரான்சிஸ் வந்திருந்தார். கோவாக்காரர், ஹோட்டல் பாண்டில் சாக்ஸபோன் வாசிப்பவர். ஜாஸ் என்கிறார்களே, அந்த சங்கீதம். அவருடைய முதல் கிராமபோன் பிளேட். வாசிப்பைப் பதிக்கும் மெழுகுத் தட்டு இரண்டே இரண்டு, பிளேட்டின் பக்கத்துக்கு ஒன்று. பதிவு செய்யும் துரைக்கோ மறுநாள் ரங்கூன் கப்பல். கெட்டால் கெட்டதுதான்!

வாசிப்பவர் எதிரே பெரிய தகரக் குழாய்; அது வாங்கும் ஒலியை ஒரு ஊசி மெழுகில் கீறும். மெல்லிய இடத்தில் அவரைக் குழாயருகே தள்ள வேண்டும். உரத்த இடத்தில் பின்னால் இழுக்க வேண்டும். தவறினால் ஊசி துள்ளி மெழுகைக் கிழித்துவிடும். வழக்கமாகத் தள்ளி இழுக்கும் ஆளுக்குக் காய்ச்சல்.

"மத்ராஜி, நீ போ," என்றார் ஹெட் கிளார்க் நிர்மல்தா. வங்காளிகளுக்கு நாமெல்லாம் மத்ராஜி; 'தா' என்றால் அண்ணா.

"எனக்கு சங்கீதம் தெரியாதே, நிர்மல்தா..."

"தெரிஞ்சவன் தலையாட்டிக்கிட்டு நிப்பான். தெரியாதவன்தான் இழுப்பான். போ, போ!"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுதிவைத்துக்கொண்டால் எதற்கும் பயமில்லை என்று நம்புகிறவன். ஒத்திகையில் தாளத்தை எண்ணி, உரத்த இடங்களை நோட்டில் குறித்தேன். ஐந்து இடம். மனப்பாடமும் செய்தேன்.

கதவை அடைத்தார்கள். விசிறியை நிறுத்தினார்கள். மெழுகு சுழன்றது.

முதல் உரத்த இடம் வந்தது... இல்லை, வரவில்லை! பிரான்சிஸ் அங்கே குழைந்து இறங்கினார். நானோ இழுத்திருந்தேன். பதறிப்போய்த் தள்ளினேன். என் நோட்டில் இல்லாத எதையோ அவர் வாசித்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து கேட்க முடியுமா? இருமினாலே தட்டில் ஏறுமே! இந்த மனிதரின் முதல் பிளேட்டை நான் கிழிக்கப்போகிறேன்!

அப்போதுதான் கைக்கு ஒன்று தெரிந்தது. உரக்க ஊதுமுன் அவர் மூச்சு வாங்குகிறார், தோள் ஏறுகிறது. ஏறினால் இழு. தளர்ந்தால் தள்ளு. மூன்று நிமிஷம், அந்தத் தோள்களைத் தவிர எனக்கு உலகமில்லை. நோட்டில் எழுதியதற்கும் நடப்பதற்கும் இடையில் மாட்டிக்கொள்ளும்போதுதான் மனிதனுக்கு வியர்க்கிறது, இல்லையா?

துரை லென்ஸை வைத்துத் தட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஆல்ரைட்" என்றார்.

"இன்னொரு பக்கம் இருக்கே! அதுக்கும் நீயே பிடி, மேன்," என்றார் பிரான்சிஸ்.

"அதையாவது ஒத்திகையில வாசிச்ச மாதிரியே வாசிங்களேன்," என்று கெஞ்சினேன்.

அவர் முகத்தில் கள்ளமே இல்லை.

"ஒத்திகையில என்ன வாசிச்சேன்?"